இதர காரணங்கள்

கடனைப் புதுப்பிக்க
மூன்று வருடக் கணக்கைக் கேட்டு
வங்கியிலிருந்து சுகிர்தா மேடம் வந்திருந்தார்.
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"பதினெட்டு சதவீதம், சார்.
எர்ணாவூரில் இந்த வளர்ச்சியை
வேறெந்தக் கடையிலும் நான் பார்க்கலை" என்றார்.
ஏலக்காய் டீ சொன்னேன்.

எதனால் வளர்ந்தது என்று அவர் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடை திறந்த வருடம்
மாதத்துக்கு ஆறு இன்ஹேலர் போனால் அதிகம்.
ஒரே ஒரு நெபுலைசர் வாங்கி வைத்து
அது தூசு படிந்து கிடந்தது.
இன்று மிக்சி மாதிரி
தவணைக்குத் தருகிறேன் அதை.

கண்டெய்னர் ஓட்டுகிறவர்கள் வரிசையில் நிற்கும் இரவுகளில்
முதுகுக்கு ஸ்ப்ரே, வயிற்றுக்கு ஜெல்.
எத்திராஜுக்கு, மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து
எது ராத்திரி என்று உடம்புக்கே மறந்துபோனதால்,
சீட்டில் எழுதிய தூக்கம், பத்து மாத்திரை.

தேசம்மாளின் புருஷன்
ஆற்றில் இடுப்பளவுச் சேற்றில் இறங்கி
கையால் தடவி இறால் எடுக்கிறவர்.
விரலிடுக்கெல்லாம் புண்.
ஆற்றில் இறால் குறைந்தது,
அது எந்தக் கணக்கிலும் குறையவில்லை.
என் களிம்பு கூடியது,
அது எல்லாக் கணக்கிலும் கூடியது.

பொய் சொல்ல மாட்டேன்,
இந்தப் பதினெட்டில்தான்
என் மகள் பல் டாக்டருக்குப் படிக்கிறாள்.

போன ஆடியில்
ஏதோ பழுதென்று
ஒன்பது நாள் புகைபோக்கி நின்றது.

மூன்றாம் நாள் கல்லாவைப் பார்த்து
செல்போனில் மருந்து விற்கிறவன்
நம் தெருவுக்கும் வந்துவிட்டான் என்று நினைத்தேன்.
நான்காம் நாள்
ஜெபமாலை டீச்சர்
மொட்டைமாடியில் வெள்ளைப் புடவை காயப்போட்டார்.
எதிர்வீட்டுக் கருவாடு
கறுக்காமல் காய்ந்தது.

யுவஸ்ரீ என்றால் எனக்கு
ராத்திரி பதினொரு மணி,
தோளில் இழுக்கும் பிள்ளை,
ஷட்டரில் நாலு தட்டு.
அவள் சாயங்காலம் ஐந்து மணிக்கு
வெறுங்கையோடு வந்து நின்று
"நெயில் பாலிஷ் கீதாண்ணே?" என்றாள்.
மருந்துக்கடையில் ஏதம்மா என்றேன்.
"சும்மா கேட்டேன்" என்று
சிரித்துவிட்டுப் போனாள்.
அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று
நாலு வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

எத்திராஜும் வந்தான்.
முகம் தெளிந்திருந்தது.
"ஒம்போது நாளும் தூங்கினேன்ணா,
செத்தவன் மாதிரி.
வேலை இல்லைன்னா கூலி இல்ல பாரு,
பால்பவுடர் ஒண்ணு குடு, நோட்டுல எழுதிக்க."
எழுதினேன்.
அவன் தூங்கியதையும் சேர்த்து எழுதலாம் என்றால்
வரவில் எழுதுவதா பற்றிலா,
அப்படி ஒரு பத்தி
எந்த நோட்டிலும் கோடு போட்டு வருவதில்லை.

பத்தாம் நாள்
ராத்திரி பதினொன்று.
ஷட்டரில் நாலு தட்டு.
சட்டையை மாட்டிக்கொண்டே இறங்கினேன்.

மேடம் டீயைக் கீழே வைத்தார்.
பேனா முனை, திரையில் மலைமாதிரி ஏறும் கோட்டில்
ஒரு பள்ளத்தைத் தொட்டது.
"இங்கே மட்டும் ஏன் சார் இப்படிச் சரிவு?
உடம்பு சரியில்லாமல் போயிடுச்சா?"

"இல்லை மேடம்.
எல்லாருக்கும் சரியாக இருந்தது."

ஒரு நொடி என்னைப் பார்த்தார்.
பிறகு குனிந்து
'இதர காரணங்கள்' என்று டிக் அடித்தார்.

கடன் கிடைத்துவிடும்.
கூடுதலாக ஒரு அலமாரி போடலாம்,
இன்ஹேலருக்கு.